கோச்: உதறியவர்களும் உடுத்தியவர்களும்

விளையாட்டுப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவர்களுக்குக் கூச் பெஹார் கோப்பை தெரிந்திருக்கும். 19 வயதுக்குட்பட்டோருக்கான கிரிக்கெட் போட்டி அது. கூச் பெஹார் மேற்கு வங்கத்தின் வடக்கு மூலையில் இருக்கும் ஊர் என்பதும், ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி பிறந்த அரச குடும்பம் அந்த ஊருடையது என்பதும் சிலருக்குத் தெரிந்திருக்கலாம். அந்தப் பெயரின் முதல் பாதி ஒரு மக்களின் பெயர் என்பதுதான் அதிகம் பேசப்படாத செய்தி. கோச் என்பதை ஆங்கிலேயர் தம் காதில் விழுந்தபடி எழுதிவைத்தார்கள். அது கூச் ஆகி நிலைத்துவிட்டது.

கோச் பண்பாட்டைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே ஒரு கேள்வி மறிக்கிறது: எந்தக் கோச்? மேகாலயாவின் காரோ மலை அடிவாரத்திலும் அதை ஒட்டிய அஸ்ஸாம், வங்கதேசக் கிராமங்களிலும் தனி மொழி பேசி, தாயின் குலத்தைத் தம் குலமாகக் கொண்டு வாழும் சிறிய பழங்குடி ஒன்று தன்னைக் கோச் என்கிறது. அஸ்ஸாமின் பிரம்மபுத்திரா சமவெளியில் அதே சொல் ஓர் இந்துச் சாதியின் பெயர். மதிப்பான பெயரும் கூட. வடவங்கத்திலோ நூறாண்டுகளுக்கு முன் ஒருவரை முகத்துக்கு நேராகக் 'கோச்' என்று அழைத்திருந்தால் கைகலப்பாகியிருக்கும். அங்கே அவர்கள் ராஜ்பன்ஷி, அதாவது அரச வம்சத்தினர். சில நூறு கிலோமீட்டருக்குள் ஒரே சொல் ஓரிடத்தில் அடையாளம், ஓரிடத்தில் பதவி உயர்வு, ஓரிடத்தில் வசவு. இந்த மக்களின் சடங்கு, திருமணம், தெய்வம் எதைத் தொட்டாலும் இந்தப் பெயரின் கதை குறுக்கே வந்துகொண்டே இருக்கும். ஆகவே அதிலிருந்தே தொடங்கிவிடலாம்.

எழுத்தில் இவர்களைப் பற்றிய பழைய குறிப்பு ஒரு படையெடுப்பின் துணைச் செய்தியாக வருகிறது. 1206இல் பக்தியார் கில்ஜி திபெத்தைப் பிடிக்கப் புறப்பட்டுத் தோற்றுத் திரும்பினார். அதைப் பதிவுசெய்த பாரசீக வரலாற்றாசிரியர் மின்ஹாஜ், வழியில் கோச், மேச், தாரு என மூன்று இனத்தார் இருந்ததாகவும், அவர்களின் முகச்சாடை துருக்கியரை ஒத்திருந்ததாகவும் எழுதுகிறார். அலி மேச் என்ற உள்ளூர்த் தலைவர்தான் படைக்கு வழிகாட்டி. பிறகு மூன்று நூற்றாண்டுகள் பெரிதாகப் பேச்சில்லை.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிக்னா என்ற மலைப்பகுதியில் ஹரியா மண்டல் என்ற குடித்தலைவர் இருந்தார். அவர் மனைவியர் ஹீரா, ஜீரா. ஹீராவின் மகன் பிஷு, சுற்றியிருந்த சிறு தலைவர்களை ஒவ்வொருவராக வென்று, ஏறத்தாழ 1515 முதல் விஸ்வ சிங்கன் என்ற பெயரில் ஆளத் தொடங்கினான். ஹரியா மேச் இனத்தவர், ஹீரா கோச் இனத்தவள் என்று ஒரு வழக்கு உண்டு. அப்படியிருக்க, வம்சத்துக்குத் தாயின் இனப்பெயர் நிலைத்ததைத் தாய்வழி மரபின் தடயமாகப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. தந்தை வழியில் எண்ணும் சமூகம் ஒன்றில் இந்தக் குழப்பம் எழுந்தே இருக்காது.

அரசன் ஆனவுடன் புராணமும் தேவைப்பட்டது. ஹரியாவின் உருவில் சிவபெருமானே ஹீராவிடம் வந்தார் என்றும், பிஷு சிவனின் பிள்ளை என்றும் கதை பிறந்தது. அரச குடும்பம் சிவ வம்சம் ஆயிற்று. குடிமக்களுக்கு வேறொரு கதை: பரசுராமருக்கு அஞ்சி, பூணூலைக் கழற்றி எறிந்துவிட்டு இந்தக் காடுகளில் ஒளிந்த சத்திரியர்கள் இவர்கள், ஒடுங்கி ஒளிந்த அந்த 'சங்கோச'த்திலிருந்து வந்ததே கோச் என்ற பெயர். யோகினி தந்திரம் என்ற சமஸ்கிருத நூல் இவ்வளவு கருணை காட்டவில்லை. அது இவர்களைக் 'குவாச' என்கிறது, கெட்ட பேச்சு உடையவர் என்று. சமஸ்கிருதம் அறியாதவன் பேச்சு கெட்ட பேச்சு ஆவது இந்த நாட்டில் புதிதில்லை. இரண்டு விளக்கங்களும் ஒலியைப் பிடித்து இழுத்துக் கட்டியவை என்பது வெளிப்படை. ஆனால் பரசுராமர் கதையை மறந்துவிட வேண்டாம். 400 ஆண்டுகள் கழித்து அது திரும்பி வரப்போகிறது.

விஸ்வ சிங்கனின் மகன் நரநாராயணன் 1540 முதல் 1587 வரை ஆண்டான். தம்பி சுக்லத்வஜன் படைத்தலைவன். பருந்தைப் போலப் பாய்ந்து தாக்குவான் என்பதால் சிலாராய் என்று பெயர். 1562இல், கிழக்கு அஸ்ஸாமை ஆண்ட அஹோம்களின் தலைநகரான கர்காவ்ன் வரை அவன் படை சென்றது. போர்களை இத்துடன் விட்டுவிடுகிறேன். பண்பாட்டுக்கு முக்கியமானவை இந்த அண்ணன் தம்பி கட்டிய இரண்டு: ஒரு கோயில், ஒரு சாலை.

கோயில், குவாஹாட்டியின் காமாக்யா. சிதைந்து கிடந்த அதை 1565இல் மீண்டும் எழுப்பினார்கள். கல்லில் கட்ட முயன்று இயலாமல் போக, தேன்கூடு போன்ற செங்கல் விமானம் வந்தது. இன்று காமாக்யாவின் படம் என்று நாம் பார்ப்பது அந்த விமானத்தைத்தான். நரநாராயணன், சிலாராய் இருவரின் சிற்பங்களும் உள்ளே இருக்கின்றன. ஆனால் அவர்கள் வழித்தோன்றல்களுக்கு அந்தக் கோயிலைப் பார்க்கும் உரிமை கிடையாது. தேவி ஆடுவதை அரசன் மறைந்திருந்து பார்த்துவிட்டான், வழிசெய்து கொடுத்த பூசாரி கெந்துகலையின் தலை போயிற்று, கோச் அரச குலத்தவர் இனி இந்த மலையை ஏறிட்டும் பார்க்கக் கூடாது என்று சாபம் விழுந்தது என்பது கதை. அந்தப் பக்கம் போக நேர்ந்தால் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு கடப்பது அரச குடும்பத்தின் வழக்கம். கதையின் உண்மை எதுவானாலும், மலையின் பழைய தெய்வம் அரசனின் கையிலிருந்து புரோகிதரின் கைக்கு மாறிய காலத்தின் வடு அதில் இருக்கிறது என்றுதான் நான் படிக்கிறேன்.

சாலையின் பெயர் கோஹைன் கமல் ஆலி. நரநாராயணனின் இன்னொரு தம்பி கமல் மேற்பார்வையில், கோச் தலைநகரிலிருந்து கிழக்கே நாராயண்பூர் வரை போடப்பட்டது. படை நடக்கப் போட்ட பாதைதான். ஆனால் நரநாராயணன் அதை ஒரு சமய எல்லையாகவும் ஆக்கினான். சாலைக்கு வடக்கே கோச், மேச், கச்சாரி மக்கள் தங்கள் முறைப்படி பலியும் பூசையும் நடத்தலாம்; தெற்கே பிராமண முறை. தலைநகரில் பிராமணப் பண்டிதர்கள், சங்கரதேவர் போன்ற வைணவ குருவுக்கு அடைக்கலம், சிலாராயின் ஆதரவில் நெய்யப்பட்டு இன்று ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் துண்டுகளாகத் தொங்கும் கிருஷ்ணலீலைப் பட்டுத் துணி. அதே அரசன் ஆணையிலேயே சாலைக்கு வடக்கே சேவலும் பன்றியும் அரிசி மதுவும். இரு உலகங்களையும் கலக்கவும் விடாமல், ஒன்றை ஒன்று விழுங்கவும் விடாமல், நடுவில் ஒரு மண்சாலையைப் போட்டுப் பிரித்த அரசனை இந்திய வரலாற்றில் வேறெங்கும் எனக்குத் தெரியாது.

அவன் காலத்தின் கடைசியில், 1586 வாக்கில், ரால்ப் ஃபிட்ச் என்ற ஆங்கில வணிகர் இந்த நாட்டுக்கு வந்தார். சாண் நீளத்துக்கு இழுத்துவிடப்பட்ட காதுகள், ஆடு, நாய், பூனை, பறவைகளுக்கு மருத்துவமனை, சில்லறைக்குப் பதில் பாதாம் கொட்டை என்று அவர் எழுதிய குறிப்பு வேடிக்கையானது. இங்கே எதையும் கொல்லமாட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறார். சாலைக்குத் தெற்கே மட்டும்தான் சுற்றினார் போலும்.

1581இலேயே நாடு இரண்டாகிவிட்டது. சங்கோஷ் ஆற்றுக்கு மேற்கே கோச் பிஹார், கிழக்கே சிலாராயின் மகன் ரகுதேவனுக்குக் கோச் ஹாஜோ. மேற்குப் பகுதி முகலாயருக்கும் பூட்டானுக்கும் கம்பெனிக்கும் இடையில் நெளிந்து வளைந்து பிழைத்து, 1949இல் இந்தியாவோடு இணைந்து, 1950 ஜனவரி 1 அன்று மேற்கு வங்கத்தின் ஒரு மாவட்டம் ஆயிற்று. பெயரின் பயணமும் இந்தப் பிரிவினையைப் போலவே இரு திசையில் போனது.

கிழக்கே, அஸ்ஸாமில், கோச் என்பது படிப்படியாக ஒரு வாசல் ஆனது. கச்சாரி, லாலுங், மிகிர் என எந்தப் பழங்குடியைச் சேர்ந்தவனும் வைணவ குருவிடம் 'சரண்' புகுந்து இந்துவானால், அவன் நுழையும் சாதி கோச். புதிதாகச் சரண் புகுந்தவன் சரணியா. இன்னும் மதுவை விடாதவன் மதாஹி. சில தலைமுறை கழித்து இந்த அடைமொழிகள் உதிர்ந்து வெறும் கோச் மிஞ்சும். ஆண்ட குலத்தின் பெயர் என்பதால் அதைப் பூணுவது உயர்வு.

மேற்கே நேர்மாறு. வங்காளத்தின் உயர்சாதியினர் கோச் என்ற சொல்லைக் காட்டுவாசி என்ற பொருளில் புழங்கினார்கள். அரச குடும்பம் முதலில் அந்தப் பெயரைக் கழற்றியது. அதன் பின்னால் உழவர்களும் ராஜ்பன்ஷி என்று தம்மை அழைத்துக்கொண்டார்கள். பிரிட்டிஷ் கணக்கெடுப்பாளர்கள் இரண்டும் ஒன்றே என்று ஒரே வரிசையில் எழுதியபோது மனுக்கள் பறந்தன. இந்தப் போராட்டத்தின் தலைவர் பஞ்சானன் பர்மா, கூச் பெஹாரின் மாத்தாபாங்காவில் பிறந்து, ரங்பூரில் வழக்கறிஞர் தொழில் செய்தவர். அவசரத்தில் அவர் மாற்றி எடுத்துப் போட்டுக்கொண்ட மேலங்கியை, அதன் சொந்தக்காரரான உயர்சாதி வழக்கறிஞர் 'ராஜ்பன்ஷி தொட்டதை நான் போடமாட்டேன்' என்று வீசியெறிந்ததாக ஒரு சம்பவம் அங்கே இன்றும் சொல்லப்படுகிறது. 1910இல் அவர் முன்னின்று சத்திரிய சமிதி அமைந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கரதோயா ஆற்றங்கரையில் ஆயிரக்கணக்கானோர் கூட்டமாகப் பூணூல் அணிந்தார்கள். பரசுராமருக்கு அஞ்சிக் கழற்றியதைத் திரும்ப அணிகிறோம் என்பது விளக்கம். பழைய கதை இப்படித்தான் வேலைக்கு வந்தது.

பூணூலோடு நடைமுறைகளும் மாறின. சாவுத் தீட்டு முப்பது நாளிலிருந்து சத்திரியருக்கு உரிய பன்னிரண்டாகக் குறைந்தது. பன்றிக்கறியும் மதுவும் விலக்கப்பட்டன. இந்த ஏற்றத்தின் விலையைக் கொடுத்தவர்கள் பெண்கள் என்றே சொல்ல வேண்டும். சந்தையில் உட்கார்ந்து விற்றவர்களை வீட்டுக்குள் இருக்கச் சொன்னார்கள். விதவை மறுமணம் இழிவாயிற்று. அதற்கு முன் இருந்த நிலையைப் பார்த்தால்தான் இழப்பின் அளவு தெரியும். ராஜ்பன்ஷிகளிடம் பல வகைத் திருமணங்கள் இருந்தன. சாஸ்திர முறையில் நடப்பது 'பூல் பியா'. மணமகன் பெண் வீட்டில் வந்து தங்கி உழைப்பது 'கர்ஜியா'. எனக்குப் பிடித்தது 'டாங்குவா'. சொந்த நிலமும் வீடும் உள்ள விதவையின் குடிசையைக் கழியால் ஓங்கி ஓர் அடி அடித்துவிட்டு ஆண் உள்ளே நுழைவான். அவள் ஏற்றுக்கொண்டால் அவன் அவள் வீட்டுக்காரன். வீடு அவளுடையது, முடிவும் அவளுடையது. சாருசந்திர சான்யால் 1965இல் ராஜ்பன்ஷிகளைப் பற்றி வெளியிட்ட நூலில் இவற்றையெல்லாம் விரிவாகப் பதிந்திருக்கிறார். அப்போதே பலவும் மங்கத் தொடங்கியிருந்தன.

ஆனால் சமிதியின் கை எட்டாத இடங்களும் இருந்தன. வயல் அவற்றில் முதன்மையானது. மழை பொய்த்தால் ஹுதும் தேவுக்குப் பூசை. இருட்டிய பிறகு, பெண்கள் மட்டும், ஊருக்கு வெளியே வயலில் கூடுவார்கள். வாழைக்கன்றை நட்டு அதையே தேவனாக வைத்து, ஆடை களைந்து, ஆடி, பகலில் வாயில் வராத பாடல்களைப் பாடி, உழுவது போலவும் விதைப்பது போலவும் நடித்து மழையை அழைப்பார்கள். எந்த ஆணும் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது. வெள்ளமும் வளமும் தரும் தீஸ்தா ஆறு அவர்களுக்குத் 'தீஸ்தா புரி', தீஸ்தாக் கிழவி. சித்திரைக்கு முன்னும் பின்னும் பெண்கள் குழுவாக வீடு வீடாகப் போய் அவளுக்காக மேச்சேனி ஆட்டம் ஆடிக் காணிக்கை வாங்குவார்கள். மூங்கிலுக்கு ஒரு பூசை, முதல் நாற்று நடுவதற்கு ஒரு சடங்கு, முதல் கதிரை வீட்டுக்குக் கொண்டுவர ஒன்று. துர்க்கை பூசை முடிந்து வங்காளம் முழுவதும் சிலையைக் கரைத்த மறுநாள், ஜல்பாய்குரிப் பக்கத்தில் பண்டானி என்ற வனதேவிக்குத் திருவிழா தொடங்குகிறது.

அரண்மனையும் பூணூலுக்குள் முழுதாக அடங்கவில்லை. கூச் பெஹாரின் தேவிபாரியில் வணங்கப்படும் 'போரோ தேவி' துர்க்கைதான், ஆனால் கொல்கத்தாப் பந்தல்களில் நாம் பார்க்கும் துர்க்கை அல்ல. உடல் சிவப்பு, சிங்கத்தோடு புலியும் உண்டு, லட்சுமி, சரஸ்வதி, பிள்ளையார், முருகன் இல்லை, ஜயா விஜயா என்ற தோழியர் இருவர் மட்டும். மயனா மரத்தின் கொம்பைத்தான் சிலையின் நடுத்தண்டாக வைக்க வேண்டும். அஷ்டமி இரவில் கதவடைத்து நடக்கும் 'குப்த பூஜை'யில் மனிதன் ஒருவன் தன் விரலைக் கீறிச் சில சொட்டு இரத்தம் கொடுக்கிறான். சாலைக்கு வடக்கே இருந்த தெய்வம் தெற்கே குடிவந்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதே ஊரின் மதன்மோகன் கோயில் ராஸ் விழாவுக்கு உயரமான ராஸ் சக்கரத்தைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து தருவது ஓர் இஸ்லாமியக் குடும்பம்.

சமையலறையும் பழைய ஊரை மறக்கவில்லை. உலர்த்திய சிறு மீனைச் சேப்பந்தண்டோடு இடித்துப் புளிக்கவைக்கும் சிதல், கீரைகளைச் சோடாவோடு குழைய வேகவைக்கும் பெல்கா, வாழைச் சாம்பலின் காரநீரில் சமைக்கும் சேகா ஆகியவை பிராமணப் பந்தியில் இடம்பெறாத உணவுகள். பாட்டு என்றால் பவாயியா. எருமை மேய்ப்பவனும் மாட்டுவண்டிக்காரனும் தோதாரா என்ற நரம்புக் கருவியை மீட்டி, மேடுபள்ளமான வழியில் குரல் உடைந்து உடைந்து பாடிய பாட்டு. கூச் பெஹாரின் பலராம்பூரில் 1901இல் பிறந்த அப்பாசுதீன் அகமது அதை இசைத்தட்டில் ஏற்றி வங்காளம் முழுவதும் கொண்டுபோனார். பாடியவர் முஸ்லிம், பாட்டு ராஜ்பன்ஷிப் பேச்சில்; இதில் யாருக்கும் முரண் தெரியவில்லை.

இத்தனைக்கும் நடுவில், பெயரை உதறாமலும் உடுத்தாமலும் வைத்திருந்தவர்கள் காரோ மலை அடிவாரக் கோச்சுகள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரங்பூர்ப் பகுதியை ஆய்ந்த புக்கானன் ஹாமில்டன் இவர்களைப் 'பானி கோச்' என்ற பெயரில் வர்ணிக்கிறார். சொத்து பெண்களிடம், தாய்க்குப் பின் மகளுக்கு. மணமான ஆண் மாமியார் வீட்டுக்குப் போய் மாமியாருக்கும் மனைவிக்கும் அடங்கி நடப்பான். நூற்பதும் நெய்வதும் நடுவதும் மது காய்ச்சுவதும் பெண்கள். பிறன்மனை நயந்த ஆணுக்கு 60 ரூபாய் தண்டம். அந்தத் தண்டத்தை அவன் குடும்பத்தார் செலுத்த மறுத்தால் அவனை அடிமையாக விற்றுவிடுவார்கள். இன்று சொத்தும் அதிகாரமும் பெரும்பாலும் ஆண்கள் பக்கம் சாய்ந்துவிட்டன. மாறாதது 'நிகினி'. நிகினி என்பது குலம். பிள்ளைக்குத் தாயின் நிகினிதான். ஒரே நிகினிக்குள் மணம் செய்ய முடியாது.

ரிஷியும் அவன் மனைவி ஜோகோவும் இவர்களின் முதல் தெய்வங்கள். ரிஷி என்ற பெயரைப் பார்த்து முனிவர் என்று எண்ண வேண்டாம். தாடியும் கமண்டலமும் இல்லாத, மனைவியோடு சேர்ந்தே வணங்கப்படும் ஆதித் தம்பதி. இவர்களுக்குரிய பூசையைச் செய்பவர் தேவுசி என்ற சொந்தப் பூசாரி. காளிக்கும் துர்க்கைக்கும் பிராமணரை அழைப்பார்கள். கோஹைன் கமல் ஆலி இங்கே ஊருக்கு நடுவில் இல்லை, ஒவ்வொரு குடும்பத்தின் ஆண்டுக்கணக்கிலும் ஓடுகிறது.

உள்ளே பிரிவுகள் பல: வானாங், ஹரிகாயா, மர்கான், சாப்ரா, தின்தெகியா, கோச்-ராபா, சாத்பாரியா, தஸ்காயா, சங்கர். இவற்றில் முதல் ஆறும் போடோ-காரோ குடும்பத்தைச் சேர்ந்த கோச் மொழியைப் பேசுகின்றன; பக்கத்துப் பிரிவின் பேச்சு புரியும், தள்ளிப்போகப் போகப் புரிவது குறையும். சாத்பாரியா, தஸ்காயா, சங்கர் பிரிவினர் மொழியை இழந்து வங்காளம் சார்ந்த பேச்சுக்கு மாறிவிட்டார்கள். 2011 கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் கோச் மொழியைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் சுமார் 36,000 பேர். அதே கணக்கெடுப்பில் மேற்கு வங்கத்தில் மட்டும் ராஜ்பன்ஷிகள் சுமார் 38 லட்சம்.

பெயரின் மதிப்பு இப்போது அரசுப் பட்டியல்களில் அளக்கப்படுகிறது. மேகாலயாவில் கோச் 1987 முதல் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். மேற்கு வங்கத்தில் ராஜ்பன்ஷிகள் பட்டியல் சாதியினர். அஸ்ஸாமில் கோச்-ராஜ்போங்ஷிகள் பிற்படுத்தப்பட்டோர். பழங்குடி ஆக்குமாறு பல பத்தாண்டுகளாகக் கேட்கிறார்கள். 1996 ஜனவரியில் அவசரச் சட்டம் மூலம் அது கிடைத்தது. நாடாளுமன்றம் சட்டமாக்காததால் காலாவதியாயிற்று. கொள்ளுத் தாத்தா பழங்குடி இல்லை என்று நிரூபிக்க மனுப் போட்டார், கொள்ளுப் பேரன் பழங்குடிதான் என்று நிரூபிக்க ஊர்வலம் போகிறான் என்று கேலி செய்வது எளிது. பூணூல் மரியாதையைத் தரும் என்று அன்று நம்பியதும், பட்டியல் அதைத் தரும் என்று இன்று நம்புவதும் ஒரே மேலங்கிக் காயத்திலிருந்து வந்தவை. பேச்சுக்கும் இதே கதைதான். கமதாபுரியா ராஜ்பன்ஷியா, எது சரியான பெயர் என்ற சண்டை தீராமல், 2018இல் மேற்கு வங்க அரசு இரண்டையும் தனித்தனி ஆட்சி மொழிகளாக அறிவித்துத் தப்பித்துக்கொண்டது.

காரோ மலையடிவாரத்தில் இந்தச் சத்தம் அவ்வளவாகக் கேட்பதில்லை. வீட்டில் கோச், சந்தையில் காரோ அல்லது அஸ்ஸாமி அல்லது வங்காளம் என்று அங்கே நாள் ஓடுகிறது. பையனுக்குப் பெண் பேசுவதற்கு முன்பு மட்டும், இரு பக்கத்துத் தாய்மாரின் நிகினியும் வேறு வேறுதானா என்று கேட்டு உறுதிசெய்துகொள்கிறார்கள்.